மலையரணும் மொழியும்: தக்கேடா அரண்சுவடுகளை முன்வைத்து

முன்னுரை

ஜப்பானிய வரலாற்று நூல்களையும் வரலாற்றுப் புதினங்களையும் இந்திய மொழிகளிற் பெயர்க்க முற்படுவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'ஷிரோ' என்பது. இதற்குக் 'கோட்டை' என்று பொருள் கொள்வது வழக்கம். அவ்வாறே 'யமாஜிரோ' என்பதை 'மலைக்கோட்டை' என்று எழுதிவிடுகிறோம். தமிழ் வாசகர் அச்சொல்லைக் கண்டதும் செஞ்சியையோ வேலூரையோ மனத்திற் கொண்டு, உயர்ந்த கல்மதிலையும் அதனைச் சூழ்ந்த அகழியையும் கற்பனை செய்துகொள்கிறார். ஆனால், ஜப்பானில் அரண் இருந்த இடங்கள் எனக் கணக்கிடப்படும் ஏறத்தாழ 30,000 முதல் 40,000 வரையிலான இடங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் கல்மதில் இருந்ததே இல்லை. அவை மலைமுகட்டை வெட்டியும் நிரவியும் ஆக்கப்பட்ட மண்வடிவங்கள். சுற்றுலாப் படங்களிற் காணப்படும் பல அடுக்கு மாடக்கோபுரங்களுள் பழைய கட்டடமாகவே எஞ்சி நிற்பவை 12 மட்டுமே. அப்பன்னிரண்டனுள்ளும் மலையரண் வகையைச் சார்ந்தது பிச்சூ மாட்சுயாமா ஒன்றே.

ஆகவே 'ஷிரோ' என்பதைப் பெயர்ப்பவர் ஒரு சொல்லைப் பெயர்ப்பதோடு, வாசகர் மனத்தில் எழவேண்டிய உருவத்தையும் தீர்மானிக்கிறார். இக்கட்டுரை, ஹியோகோ மாநிலத்தின் அசாகோ நகரில் உள்ள தக்கேடா மலையரணின் எச்சங்களை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களையும் அவ்வரணின் வரலாற்றையும் ஒருசேர ஆராய முற்படுகிறது. அவ்வரணின் இறுதித் தலைவர், உரைமரபின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு பணிக்குப் புரவலராக இருந்தவர். ஆதலின் இந்த இடம் மொழியியலாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் தனிப்பட்ட முறையில் கருதத்தக்கதாகிறது.

சொல்லும் அதன் திரிபும்

ஜப்பானிய மொழியில் அரணைக் குறிக்கும் பழஞ்சொல் 'கி' என்பது. கி.பி. 663இல் கொரியத் தீபகற்பத்தின் பெக்கே அரசுக்குத் துணையாகச் சென்ற ஜப்பானியப் படை தோல்வியுற்றது. அதன்பின், நாடிழந்து வந்த பெக்கே மக்களின் வழிகாட்டுதலோடு கியூஷூத் தீவின் வடபகுதியில் அரண்கள் எழுப்பப்பட்டன. 664இல் அமைந்த நீர்க்காப்பணைக்கு 'மிசுக்கி' என்று பெயர். 'மிசு' என்பது நீர். 'கி' என்பது அரண். இக்'கி' பெக்கே மொழியிலிருந்து வந்ததென்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. பிற்காலத்தில் 'ஷிரோ' என்னும் சொல் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக, ஜப்பானிய அரணின் சொல்வரலாறு தொடக்கத்திலேயே அயலார் ஒருவரின் அறிவோடும் மொழியோடும் பிணைந்துள்ளது. இச்செய்தி பின்னர் நாம் காணவிருக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு முன்னுரையைப் போல அமைந்திருத்தல் கருதத்தக்கது.

'ஷிரோ' என்பது தொகைச்சொல்லின் பின்னுறுப்பாக வரும்போது 'ஜிரோ' எனத் திரிகிறது. 'யமா' என்னும் மலைப்பெயரோடு சேர்ந்து 'யமாஜிரோ' ஆகிறது. வருமொழி முதல் ஒலிப்பிலா மெய் ஒலிப்புடையதாக மாறும் இப்புணர்ச்சி, அரணின் உறுப்புப் பெயர்களிற் பரவலாகக் காணப்படுகிறது. 'குச்சி' என்பது வாய்; 'கொ' என்னும் சிறுமைப் பொருள் அடையோடு 'கொகுச்சி' ஆகிறது. 'காக்கி' என்பது வேலி அல்லது சுவர். 'இஷி' என்னும் கல்லோடு சேர்ந்து 'இஷிகாக்கி' ஆகிறது. இங்கே தமிழ் எழுத்தமைப்புப் பற்றிய சுவையான உண்மையொன்று புலப்படுகிறது. தமிழில் மொழிமுதற் ககரம் ஒலிப்பின்றியும், இரு உயிர்களுக்கிடையே வரும் தனிக் ககரம் ஒலிப்போடும் இயல்பாகவே பலுக்கப்படுவதால், 'குச்சி', 'கொகுச்சி' எனத் தமிழெழுத்தில் எழுதினாலே ஜப்பானியத் திரிபு தானாக அமைந்துவிடுகிறது. ககரத்தைப் பொறுத்தவரை இதற்கெனத் தனிக்குறி வேண்டுவதில்லை.

ஆனால் 'ஹோரி' என்னும் சொல்லிடத்து இவ்வசதி இல்லை. அகழ் எனப் பொருள்படும் இது தொகையில் 'போரி' எனத் திரிகிறது. ஹகரத்துக்கும் பகரத்துக்கும் தொடர்பில்லாததுபோல் தோன்றினும், ஜப்பானிய மொழியில் இன்றைய ஹகரம் பழைய பகரத்திலிருந்து வந்ததென்பதை அறிந்தால் ஐயம் நீங்கும். கன்னடத்தில் 'பாலு' என்பது 'ஹாலு' ஆனதை அறிந்த இந்திய மொழியியலாளர்க்கு இம்மாற்றம் புதிதன்று. ஒலிபெயர்ப்பில் இவ்விரு வடிவங்களையும் வேறுவேறு சொற்களாகக் கருதிவிடாமல் இருப்பது மொழிபெயர்ப்பாளர் கடன்.

இடமும் அமைப்பும்

தக்கேடா அரண் அமைந்த குன்று கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 354 மீட்டர் உயரமுடையது. அதன் அடியில் மருயாமா ஆறு ஓடுகிறது. தெற்கே ஹரிமா நாட்டிலிருந்து வடக்கே தஜிமா நாட்டுக்குச் செல்லும் பெருவழியை இக்குன்றின் மேலிருந்து கண்காணிக்க இயலும். தெற்கே இருந்த இக்குனோ வெள்ளிச்சுரங்கம் 16ஆம் நூற்றாண்டில் பெருவளம் தந்தது. எனவே வழியையும் வளத்தையும் ஒருங்கே காக்கும் இடமாக இக்குன்று விளங்கிற்று.

இக்கட்டுரையாளர் அங்குச் சென்றது இலையுதிர்காலத்து விடியற்பொழுதில். தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம் நான்கு பௌத்தக் கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை ஒட்டிச் செல்லும் செங்குத்தான மலைப்பாதை வழியே நாற்பது நிமிடம் ஏறினால் அரணை அடையலாம். இலையுதிர்காலத்துத் தெளிந்த இரவுகளுக்குப் பின் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்புகிறது. எதிர்மலையில் நின்று நோக்குவார்க்கு அரண் வெண்முகில்மேல் மிதப்பதுபோல் தோன்றும். அதனால் இதனை 'வானத்து அரண்' எனப் பொருள்படும் பெயரால் இன்று அழைக்கின்றனர். ஆனால் அன்று பனி முகட்டுக்கு மேலும் எழுந்திருந்தமையால், அரணுக்குள் நின்ற இக்கட்டுரையாளர்க்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படவில்லை. கையால் தடவி அறியக்கூடிய ஈரக்கற்களே எங்கும் இருந்தன. 'வானத்து அரண்' என்பது வெளியிலிருந்து காண்போர் இட்ட பெயர் என்பது அப்போது விளங்கிற்று. அரணைக் கட்டியவரும் காத்தவரும் அதற்கு வேறு பெயர்களை வழங்கினர். குன்றின் வடிவு பற்றி 'படுத்த புலி அரண்' எனப் பொருள்படும் பெயரும் இதற்கு உண்டு.

பனி விலகியபின் அமைப்புத் தெளிவாயிற்று. முகட்டின் நடுவே ஹொன்மாரு எனப்படும் தலைமை வளாகம். அதன்கண் ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள கல்மேடை, கோபுரம் இல்லை. இதிலிருந்து மூன்று கிளைகளாக முகடு பிரிகிறது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள விரிந்த வளாகங்களுக்குப் பெயர் 'செஞ்ஜோ'. 'ஆயிரம் பாய் விரிக்கத்தக்க இடம்' என்பது பொருள். இடப்பரப்பைப் பாயின் எண்ணிக்கையால் அளப்பது ஜப்பானிய வழக்கு. வடமேற்குக் கிளைக்கு 'ஹானாயாஷிகி', அதாவது 'பூமனை' என்று பெயர். மொத்தத்தில் தெற்கு வடக்காக ஏறத்தாழ 400 மீட்டரும் கிழக்கு மேற்காக 100 மீட்டரும் பரந்துள்ளது.

நிரவப்பட்ட வளாகத்துக்குப் பொதுப்பெயர் 'குருவா'. பிற்காலத்து அரண்களில் 'மாரு' என்பதும் வழங்குகிறது. 'மாரு' என்பது வட்டம் எனப் பொருள்படும். தக்கேடாவின் வளாகங்கள் எவையும் வட்டமாக இல்லை என்பது கண்கூடு. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. வாயிற்புறத்தைக் குறிக்கும் 'கொகுச்சி' என்பதன் நேர்ப்பொருள் 'சிறுவாய்'. ஆனால் எழுதும்போது பிற்காலத்தில் 'புலிவாய்' எனப் பொருள்படும் எழுத்துகளால் எழுதலாயினர். எழுத்தை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் இங்கே புலியைக் கொண்டுவந்து நிறுத்திவிடக்கூடும். தமிழிலக்கணத்தார் 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்பர். வீட்டுக்கு வாயைக் கற்பித்த நம் சொல்லே இதற்குப் போதுமானது. வாயிலுக்குள் நுழைவோரைச் சதுர அடைப்பில் நிறுத்தித் திருப்பும் அமைப்புக்கு 'மசுகாதா' என்று பெயர். 'மசு' என்பது தானியம் அளக்கும் சதுரப் பெட்டி. 'படிவடிவ வாயில்' எனின் தமிழர் வட்டப்படியை நினைப்பர். ஆதலின் 'சதுரமடை வாயில்' எனல் பொருந்தும்.

அரணின் முழு அமைப்புத் திட்டத்துக்கு 'நவாபாரி' என்று பெயர். 'கயிறு கட்டுதல்' என்பது சொற்பொருள். கட்டுவதற்கு முன் நிலத்திற் கயிறு கட்டி எல்லை வகுத்ததனால் வந்த பெயர் இது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனைவகுக்கும் இடத்தில் நூலறிந்தோர் கயிறிட்டு அளந்த செய்தி கூறப்படுவது தமிழறிஞர் அறிந்ததே. ஆனால் 'நவாபாரி' இன்றைய பேச்சுவழக்கில் விலங்கு தன் எல்லையெனக் காக்கும் நிலத்தையும், ஒருவர் தம் ஆதிக்கத்துக்கு உட்பட்டதாகக் கருதும் துறையையும் குறிக்கிறது. ஒரே சொல்லைக் காலம் நோக்கி 'மனைவகுப்பு' என்றும் 'ஆட்சி எல்லை' என்றும் வேறுபடப் பெயர்க்க வேண்டியிருக்கிறது.

மண்ணும் கல்லும்

மரபுவழிச் செய்தியின்படி இவ்வரணை 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யமானா சோசென் என்னும் பெருந்தலைவர் எழுப்பினார். அவர்கீழ்ப்பட்ட ஓட்டாகாக்கி குலத்தார் அதனைக் காத்தனர். அக்காலத்து அரண் மண்ணாலானது. மலைமுகட்டைக் குறுக்கே வெட்டிப் பகைவர் வருவழியை அறுக்கும் பள்ளம் 'ஹோரிகிரி'. மலைச்சரிவில் மேலிருந்து கீழாக வெட்டிப் பகைவர் பக்கவாட்டில் நகரவொட்டாமற் செய்யும் பள்ளம் 'ததெபோரி'. இவ்விரண்டையும் 'அகழி' என்று பெயர்த்தல் பிழை. அகழி என்றவுடன் நீர் நினைவுக்கு வரும், இவை நீரற்றவை. 'முகட்டுவெட்டு', 'சரிவுவெட்டு' எனலாம். தக்கேடாவின் சரிவுகளிலும் அடுத்துள்ள சிறுகுன்றிலும் இத்தகைய வெட்டுகள் இன்றும் காணப்படுகின்றன. ஆனால் மேலே கல்மதிலைக் காண வருவோர் இவற்றை மழைநீர் அரித்த ஓடைகள் என்றெண்ணிக் கடந்துவிடுகின்றனர்.

1577இல் ஓடா நோபுனாகாவின் ஆணைப்படி ஹிடெயோஷியின் படை தஜிமாவுட் புகுந்தது. ஹிடெயோஷியின் தம்பி ஹிடெனாகா தக்கேடாவைக் கைப்பற்றினார். 1580இல் தஜிமா முழுவதும் அவர்கள் வசமாயிற்று. 1585இல் அக்காமாட்சு ஹிரோஹிடெ என்பார் இதன் தலைவரானார். இன்று நாம் காணும் கல்மதில்கள் அவர் காலத்தவை எனக் கருதப்படுகின்றன. செதுக்காத இயற்கைக் கற்களைத் தேர்ந்தடுக்கி, இடுக்குகளிற் சிறுகற்களைச் செருகி, மதிலின் உட்புறத்தே நீர்வடியச் சரளை நிரப்பும் முறை இங்குக் கையாளப்பட்டுள்ளது. ஹியெய் மலையடிவாரத்து அனோ ஊரைச் சார்ந்த கற்பணியாளர் மரபோடு இம்முறையைத் தொடர்புபடுத்துவர். மூலைகளில் நீண்ட கற்களை ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கும் முறைக்கு, எண்ணுவதற்குப் பயன்பட்ட குச்சிகளின் பெயரால் 'சாங்கி அடுக்கு' என்று பெயர். சாந்து எதுவுமின்றி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இவை நிற்கின்றன.

ஆகவே தக்கேடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அரண்கள் உள்ளன. ஒன்று மண்ணரண், மற்றொன்று கல்லரண். மேலதை மட்டும் படித்துக் கீழதை விட்டுவிடுவது, திருத்தப்பட்ட ஏட்டில் அடியெழுத்தைக் காணாமற் போவதற்கு ஒப்பாகும்.

ஒருவரும் மூன்று பெயர்களும்

ஹிரோஹிடெ 1562இல் பிறந்தவர். ஹரிமாவின் பழங்குடியான அக்காமாட்சு மரபினர். போர்ப்பதிவுகளில் இவர் சைமுரா மசாஹிரோ என்ற பெயராற் குறிக்கப்படுகிறார். அறிஞர்களின் நூல்களிலும் கடிதங்களிலும் அக்காமாட்சு ஹிரோமிச்சி என்ற பெயர் வருகிறது. உள்ளூர் வரலாற்றில் ஹிரோஹிடெ என்பதே பெருவழக்கு. வாழ்நாளிற் பெயர் மாற்றிக்கொள்வது அக்காலத்து ஜப்பானியப் போர்க்குடியினரின் இயல்பு. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் கையில், மலையரணைக் காத்த படைத்தலைவர் ஒருவர், முற்றுகையிட்டவர் ஒருவர், கன்பூசிய நூல்களைப் போற்றியவர் ஒருவர் என மூவர் தோன்றிவிடுவர். மூவரும் ஒருவரே என்பதில்தான் அவர் வரலாற்றின் பொருள் அடங்கியிருக்கிறது.

ஹிடெயோஷி 1592இலும் 1597இலும் கொரியாவின்மீது படையெடுத்தார். அப்போர் எண்ணற்ற உயிர்களைக் கொண்டதோடு, பல்லாயிரம் கொரியரைச் சிறைப்பட்டோராக ஜப்பானுக்குக் கொணர்ந்தது. குயவரும் அச்சுத்தொழில் அறிந்தோரும் அறிஞரும் அவருள் இருந்தனர். காங் ஹாங் என்னும் கொரிய அறிஞர் (1567–1618) 1597இல் குடும்பத்தாருடன் கடல்வழித் தப்ப முயன்றபோது பிடிபட்டார். அவருடைய இளங்குழந்தைகள் கடலுக்கு இரையாயினர். ஷிகோக்குத் தீவின் ஓசுவில் முதலில் வைக்கப்பட்ட அவர், பின்னர்க் கியோட்டோவை அடுத்த ஃபுஷிமிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே ஃபுஜிவாரா செய்க்கா (1561–1619) என்னும் ஜப்பானிய அறிஞரைச் சந்தித்தார். செய்க்காவும் ஹரிமாவில் பிறந்தவர்; ஹிரோஹிடெயின் நண்பர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாத நிலையில், செவ்வியல் சீன மொழியில் தூரிகையால் எழுதி எழுதி இருவரும் உரையாடினர். பேச்சால் இணையாத இருவரை எழுத்து இணைத்தது.

குறியிட்ட நூல்கள்

இந்நட்பின் விளைவாக 1599ஆம் ஆண்டளவில் ஒரு பெரும்பணி நிகழ்ந்தது. காங் ஹாங்கும் அவருடன் சிறைப்பட்டிருந்த கொரியர் சிலரும் கன்பூசிய மரபின் நான்கு நூல்களையும் ஐந்து தொன்னூல்களையும் தூய படிகளாக எழுதித் தந்தனர். செய்க்கா அவற்றுக்கு ஜூ ஷியின் வழிவந்த சொங் காலத்து உரைகளைத் தழுவி ஜப்பானிய வாசிப்புக் குறிகளை இட்டார். இதற்குப் புரவலராக இருந்தவர் தக்கேடாவின் தலைவர் ஹிரோஹிடெ. படியெடுத்ததற்கென அவர் வழங்கிய வெள்ளிப்பணம் காங் ஹாங் தாய்நாடு திரும்புவதற்கும் துணையாயிற்று. பணி நிகழ்ந்த இடம் ஃபுஷிமியே. தக்கேடா மலை அன்று. எனினும் மலையரணின் வருவாயும் அதன் தலைவரின் ஆர்வமும் இல்லையெனில் அப்பணி நிகழ்ந்திராது.

வாசிப்புக் குறியிடுதல் என்பது மொழிபெயர்ப்பியலில் தனித்த இடம் பெறத்தக்க முறை. செவ்வியல் சீனத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது சொல்வரிசை. வேற்றுமை உருபுகள் இல்லை. ஜப்பானிய மொழியில் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். பெயருக்குப்பின் உருபு வரும். எனவே சீன மூலத்தின் ஓரெழுத்தையும் மாற்றாமல், எழுத்துகளின் ஓரத்தில் சிறுகுறிகளை இட்டு, 'இதனை முன்னர்ப் படித்து, அதற்கு மீள்க' என வாசிப்பு வரிசை காட்டப்படுகிறது. உருபுகளும் வினையீறுகளும் சிற்றெழுத்துகளாற் பக்கத்தில் எழுதப்படுகின்றன. இக்குறிகளின்படி படிப்பவர் வாயில் சீன நூல் ஜப்பானிய நூலாக ஒலிக்கிறது. ஏட்டிலோ சீன நூலாகவே நிற்கிறது. இது மொழிபெயர்ப்பா, உரையா, வாசிப்பா என்னும் வினாவுக்கு ஒருசொல் விடை இல்லை. மூன்றும் இதன்கண் கலந்துள்ளன. கொரியரிடத்தும் இதனை ஒத்த குறியீட்டு மரபு பழங்காலம்தொட்டே உண்டு. வினையை இறுதியிற் கொண்ட மொழிகளைப் பேசிய இருவர், வினையை நடுவிற் கொண்ட மொழி ஒன்றில் எழுதி உரையாடி இப்பணியைச் செய்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல்வரிசையும் ஒட்டுநிலையும் பற்றித் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள ஒப்புமையை அடிப்படையாகக் கொண்டும், சொல்லொப்புமைகளைத் தொகுத்தும், ஓனோ சுசுமு (1919–2008) இவ்விரு மொழிகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென வாதிட்டார். தமிழ்நாட்டில் அக்கருத்து பெருவரவேற்புப் பெற்றது. எனினும் வரலாற்று மொழியியலாளருட் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. வகைமை ஒப்புமை மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரும்பயன் தருவது. அதனைக் கொண்டே மரபுறவை நிறுவுதல் இயலாது.

இரு மதில்களின் இருபுறமும்

காங் ஹாங் 1600இல் தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் டோக்குகாவா இயெயாசுவின் அணிக்கும் அவருக்கு எதிரான மேற்கணிக்கும் போர் மூண்டது. ஹிரோஹிடெ மேற்கணியோடு சேர்ந்து, தாங்கோ நாட்டுத் தானாபெ அரணை முற்றுகையிட்ட படையில் இருந்தார். முற்றுகையிட்டோர் ஏறத்தாழ 15,000 பேர். உள்ளே இருந்தோர் ஏறத்தாழ 500 பேர். அரணைக் காத்தவர் ஹோசோகாவா யூசாய் என்னும் முதியவர். அவர் போர்த்தலைவர் மட்டுமல்லர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொக்கின்வாக்காஷூ என்னும் பாத்தொகைக்கு ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு மறைவாக வழங்கிவந்த உரைமரபைப் பெற்றிருந்தவர். இறையனார் களவியலுரை தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்ததெனக் கூறும் மரபை அறிந்த தமிழறிஞர்க்கு, இத்தகைய உரைவழக்கின் அருமை எளிதில் விளங்கும். யூசாய் இறந்தால் அவ்வுரைமரபு அழியுமென அஞ்சிய பேரரசர் கோ-யோசெய் தூதரை அனுப்பிப் போரை நிறுத்தச் செய்தார். இரு திங்களுக்கு நெருங்கிய முற்றுகை, செக்கிகாஹாராப் பெரும்போருக்கு இரண்டு நாள் முன்னர் முடிவுக்கு வந்தது.

ஓர் உரைமரபு ஓர் அரணின் தலைவரைக் காத்தது. அதே மதிலின் வெளிப்புறத்தில் மற்றோர் உரைமரபின் புரவலர் படையோடு நின்றார். அவரைக் காக்க எவரும் வரவில்லை. மேற்கணி தோற்றபின் ஹிரோஹிடெ இயெயாசுவின் பக்கம் சேர்ந்து டொட்டோரி அரணைத் தாக்கினார். அப்போரில் அவ்வூர் தீக்கிரையாயிற்று. அக்குற்றம் ஹிரோஹிடெயின்மேல் ஏற்றப்பட்டு, அவர் தம் வயிறு கிழித்து உயிர்விட ஆணையிடப்பட்டது. பிறர் பழியை அவர் சுமக்க நேர்ந்ததெனக் கருதுவோரும் உளர். 1600இன் இறுதியில், தம் 39ஆம் அகவையில் அவர் இறந்தார். செய்க்கா அவருக்காக இரங்கற்பாக்கள் இயற்றினார். தக்கேடா அரண் அவ்வாண்டோடு கைவிடப்பட்டது. பெரும்பொருட் செலவில் எழுப்பப்பட்ட அக்கல்மதில்கள், எவரும் தாக்காமலேயே பயனற்றுப்போயின.

செய்க்காவின் மாணவராகிய ஹயாஷி ராசான் (1583–1657) டோக்குகாவா அரசில் அறிஞராகப் பணியாற்றினார். குறியிட்டுப் படிக்கும் மரபு அவர்வழி மேலும் பரவிற்று. காங் ஹாங் தம் சிறைவாழ்வையும் ஜப்பானிய நாட்டுச் செய்திகளையும் எழுதி வைத்த நூலில் ஹிரோஹிடெயை மதிப்போடு குறிப்பிடுகிறார். தம் நாட்டை அழித்த படையினத்தைச் சார்ந்த ஒருவரைப் பற்றிச் சிறைப்பட்டவர் எழுதிய சான்று அது. அதனாலேயே அதற்கு எடை மிகுதி.

'இடிபாடு' என்னும் சொல்

தக்கேடாவைக் குறிக்க ஜப்பானியர் வழங்கும் சொல் 'ஷிரோஆதோ'. 'ஆதோ' என்பது அடிச்சுவடு. காலைக் குறிக்கும் 'ஆ' என்பதும் இடத்தைக் குறிக்கும் 'தோ' என்பதும் சேர்ந்து பிறந்ததென்பர். இதனை 'இடிபாடு' என்று பெயர்ப்பது பொருந்தாது. இங்கே இடிந்தது எதுவுமில்லை. மரத்தாலான கட்டடங்கள் மறைந்தன. கல்லும் வெட்டிய மண்ணும் எஞ்சின. 'அரண்சுவடு' என்பதே நேரிய பெயர்ப்பு. அடியின் பதிவையும் எழுத்தின் பதிவையும் குறிக்கத் தமிழில் 'சுவடு' இடந்தருகிறது. ஏட்டுத்தொகுதியைக் குறிக்கும் 'சுவடி' என்பதை இதனோடு இயைபுபடுத்துவாரும் உளர்.

இச்சொல்வேறுபாடு வெறும் நயம் அன்று. 1943இல் தக்கேடா நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1970களிற் கல்மதில்கள் சீர்செய்யப்பட்டன. 2012க்குப் பின் 'வானத்து அரண்' எனப் புகழ்பெற்று, பார்வையாளர் பன்மடங்கு பெருகினர். அவர்தம் காலடிபட்டு மேல்மண் தேய்ந்தது. புதைந்திருந்த பழைய ஓடுகள் வெளிப்பட்டன. அதன்பின் நடைபாதையில் விரிப்புகள் இடப்பட்டு, சில பகுதிகளுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. இடிபாடு என்றெண்ணி வருவோர் கல்லைக் காக்க வேண்டுமென அறிவர். மண்ணும் அரணே என அறியார். சுவடு என்று சொல்லும்போது, மிதிக்கும் மண்ணும் காக்கத்தக்கது என்னும் பொருள் அச்சொல்லிலேயே அமைந்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, 'ஷிரோ' என்பதற்கு எல்லா இடங்களிலும் 'கோட்டை' எனல் பொருந்தாது. 'அரண்' என்பதே பரந்து பொருந்துகிறது. திருக்குறளின் 'அரண்' அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணுக்குரியனவாகக் கொள்வதால், இயற்கையையே காப்பாக்கிய யமாஜிரோவுக்கு 'மலையரண்' என்னும் பெயர் முற்றும் இயையும். இரண்டாவது, உறுப்புப் பெயர்களைப் பெயர்க்கும்போது எழுதப்பட்ட எழுத்தின் பொருளைவிடச் சொல்லின் ஒலிவரலாற்றையும் பொருளின் பயன்பாட்டையும் நோக்க வேண்டும். மூன்றாவது, ஆட்பெயர்களை ஒப்பிட்டு உறுதிசெய்யாமல் பெயர்த்தால் ஒருவரின் வாழ்வே சிதறுண்டுவிடும்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில், நான்கு கோயில்களுள் ஒன்றாகிய ஹோஜு-ஜியில் ஹிரோஹிடெக்கு எழுப்பிய நினைவுக்கல் உள்ளது. மலைமேல் ஏறுவோருள் அங்கு நிற்போர் சிலரே. அதன்முன் நின்றபோது இக்கட்டுரையாளர்க்கு நினைவில் எழுந்தவை கல்மதில்கள் அல்ல. சீன எழுத்துகளின் ஓரத்தில் இடப்பட்ட சிறுகுறிகளே.